நின்ற இடத்தில் ஓடும் வண்டி

சென்ற வாரம் வந்த கடிதங்களில் ஒன்று என்னைச் சற்று நேரம் சும்மா உட்கார வைத்துவிட்டது. எழுதியவர் இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு சகோதரி. காலையில் பள்ளிக்கூடம், அப்புறம் ஆபீஸ், மாலையில் மார்க்கெட், எல்லாம் ஒரு பழைய ஸ்கூட்டரில்தான். அவர் எழுதுகிறார்: "கொஞ்ச நாளாக என் வண்டி, ஆக்ஸிலேட்டரைத் தொடாமலேயே அலறுகிறது. பிரேக்கை விட்டால் தானாக நகரப் பார்க்கிறது. வீட்டில் சொன்னால், 'நீ உனக்கே தெரியாமல் கையை முறுக்கிக்கொண்டிருப்பாய்' என்கிறார்கள். மெக்கானிக் ஏதோ ஒரு ஸ்குரூவைத் திருகி அனுப்பினார். மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லையா, அல்லது வண்டியில் கோளாறா?"

சகோதரி, உங்களுக்கு நன்றாக ஓட்டத் தெரியும். கோளாறு வண்டியில்தான். வண்டியைப் பார்க்காமலே இவ்வளவு துணிச்சலாக எப்படிச் சொல்கிறேன் என்று கேட்கிறீர்களா? இதே குற்றச்சாட்டைக் கேட்டு, இதே சந்தேகத்தில் தூக்கம் கெட்டு, கடைசியில் ஒரு சின்ன ரப்பர்த் துண்டால் மானம் காப்பாற்றப்பட்டவள் நான்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். என் பெண் அப்போது ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவள் எனக்கு முன்னால் புட்போர்டில் நின்றுகொண்டிருந்தாள். இஞ்சினை அணைக்கவில்லை, இறக்கிவிட்டு உடனே ஆபீஸுக்குப் பறக்க வேண்டுமே! சாப்பாட்டுப் பையைக் கொக்கியிலிருந்து எடுப்பதற்காக இடது கையைப் பிரேக்கிலிருந்து எடுத்தேன். அவ்வளவுதான். வண்டி 'விசுக்' என்று ஒரு பாய்ச்சல் பாய்ந்து, வாசலில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவின் கூடையில் போய் முட்டி நின்றது. கட்டி வைத்திருந்த மல்லிகைப் பந்தெல்லாம் தெருவில். குழந்தையின் மோவாய் ஹாண்டில்பாரில் இடித்து ரத்தம். டாக்டர் இரண்டு தையல் போட்டார்.

பூக்காரம்மா, "ஏம்மா, பிரேக்குப் புடிக்கத் தெரியாம எதுக்கும்மா வண்டி?" என்று கேட்டாள். கேட்க அவளுக்கு உரிமை உண்டு. பூவுக்குப் பணம் கொடுத்துவிட்டேன். ஆனால் மாலையில் வீட்டில் கூடிய பஞ்சாயத்துதான் மனசைச் சுட்டது. என் மாமியார் ஒன்றும் சொல்லவில்லை; குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மௌனமாக இருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது. என் கணவர் நல்ல மனிதர்; "பதற்றத்தில் முறுக்கியிருப்பாய். யாருக்கும் நடக்கக் கூடியதுதான்" என்று சமாதானம் சொன்னார். நான் முறுக்கவில்லை. வலது கை ஹாண்டில்பாரின் மேல் சும்மாதான் இருந்தது. ஆனால் நாலு பேர் சொன்னால் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது பாருங்கள்! ஒரு மாதம் வண்டியைத் தொடவில்லை. ஆட்டோவுக்குக் கொடுத்தே சம்பளம் கரைந்தது.

அதனால்தான் இந்த வாரப் பக்கம் முழுவதையும் இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் நிற்கிற வண்டி ஏன் நகர்கிறது என்று பார்ப்போம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் நம் கையில் கிடையாது. அது தானாகவே பிடித்துக்கொண்டு, தானாகவே விட்டுவிடும். திருவிழாவில் குடை ராட்டினம் பார்த்திருப்பீர்கள். மெதுவாகச் சுற்றும்போது தொங்குகிற நாற்காலிகள் நடுக்கம்பத்தை ஒட்டியே இருக்கும். வேகம் ஏற ஏற வெளிப்பக்கமாக விரிந்து பறக்கும். ஸ்கூட்டர் கிளட்சிலும் அதே சங்கதிதான். உள்ளே சின்னச் சின்னக் கட்டைகள், ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டியபடி சுற்றுகின்றன. இஞ்சின் வேகம் ஏறினால் அவை விரிந்து, தம்மைச் சுற்றியுள்ள கிண்ணத்தை உள்ளிருந்து பிடித்துக்கொள்கின்றன. கிண்ணம் சுற்றினால் பின் சக்கரம் சுற்றும்.

100, 110 சி.சி. ஸ்கூட்டர்கள், சூடேறின பிறகு சும்மா நிற்கும்போது, நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1,500 முதல் 1,800 சுற்று வரை சுற்ற வேண்டும். மெக்கானிக்குகள் இதைத்தான் 'ஸ்லோ ஸ்பீடு' என்கிறார்கள். கட்டைகள் விரிந்து பிடிப்பதற்கு இதைவிட நல்ல வேகம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளிதான் உங்கள் குழந்தைக்குக் காவல். ஸ்லோ ஸ்பீடு ஏறிக்கொண்டே போனால் இடைவெளி குறைகிறது. ஒரு நாள் இல்லாமலே போய்விடுகிறது. அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்தியிருப்பது உங்கள் இடது கை ஒன்றுதான். பை எடுக்கக் கையை எடுத்தால் வண்டி கிளம்பிவிடும்.

சிக்னலில் அணையாமல் இருக்கிறதே, கொஞ்சம் வேகமாக ஓடினால் நல்லதுதானே என்று சிலர் வீட்டில் சொல்வார்கள். கேட்காதீர்கள்!

சரி, ஸ்லோ ஸ்பீடு ஏன் ஏறுகிறது? இதற்கு நம் சமையலறையை விட்டு வெகு தூரம் போக வேண்டாம். காஸ் அடுப்பு எரிவது காஸும் காற்றும் ஒரு கணக்கில் கலப்பதனால். காற்றுப் போதாவிட்டால் ஜ்வாலை மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடி கரியாகிறது. காற்று அதிகமானால் ஜ்வாலை பர்னரை விட்டு எழும்பி 'உஸ்' என்று சீறுகிறது. ஸ்கூட்டரில் இந்தக் கலவையைத் தயாரிக்கிற பாத்திரம்தான் கார்புரேட்டர். உள்ளே ஒரு கதவு இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் கேபிள் அந்தக் கதவைத் திறக்கும். விட்டால் ஸ்பிரிங் மூடிவிடும். ஆனால் முழுக்க மூடினால் இஞ்சின் மூச்சு நின்று அணைந்துவிடுமே! அதற்காகக் கதவுக்கு ஒரு முட்டு கொடுத்து, மயிரிழை திறந்து வைத்திருக்கிறார்கள். அந்த முட்டுத்தான் மெக்கானிக் திருகுகிற ஸ்குரூ.

ஆகவே, வண்டி தானாக வேகமாக ஓடுகிறதென்றால், கதவு சரியாக மூடவில்லை. அல்லது கதவு மூடியிருந்தும் வேறு வழியாகக் காற்று நுழைகிறது. அல்லது யாரோ முட்டை அதிகமாகத் திருகிவிட்டார்கள். பெட்ரோலை அதிகம் ஊட்டுகிற சோக்கும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததுதான். இதில் எது என்று கண்டுபிடிக்காமல் ஸ்குரூவை மட்டும் இறக்குவது, ஜுரம் அடிக்கிற குழந்தையின் நெற்றியில் ஈரத் துணியைப் போட்டுவிட்டு, குணமாகிவிட்டது என்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி.

கதவு மூடுகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். இஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். டபுள் ஸ்டாண்டு போட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கி, விரலை எடுத்துவிடுங்கள். 'டக்' என்று தானாகத் திரும்ப வேண்டும். மந்தமாகத் திரும்பினாலோ, நாம் தள்ளிவிட்டால்தான் போகிறது என்றாலோ அங்கேயே குற்றவாளி அகப்பட்டுவிட்டான். ஹாண்டில்பாரை இடது கோடிக்குத் திருப்பி ஒரு தடவை, வலது கோடிக்குத் திருப்பி ஒரு தடவை இதே பரீட்சையைச் செய்யுங்கள்.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு மாமியின் வண்டியில் நான் இதைச் செய்து பார்த்தபோது என்ன கண்டேன் தெரியுமா? கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பூப்போட்ட ஸ்பாஞ்சு உறை ஒன்று வாங்கிக் கைப்பிடிக்கு மாட்டியிருந்தார். அது கொஞ்சம் நீளம். உள்பக்கத்தில் சுவிட்சுப் பெட்டியோடு உரசிக்கொண்டு, கைப்பிடியைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலால் அரை அங்குலம் நறுக்கினேன். வியாதி போய்விட்டது! அந்த உறை எனக்கு எப்போதுமே பிடிக்காது என்பது வேறு விஷயம். ஹாண்டில்பாரில் மாட்டுகிற பை, செல்போன் தாங்கி, கண்ணாடியில் கட்டுகிற அலங்காரக் கயிறு, இவையும் கேபிளை நெருக்கும். முதலில் அவற்றை எல்லாம் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

கைப்பிடியைச் சற்றே அசைத்தால், கேபிள் இழுபடுவதற்கு முன் கொஞ்சம் வெற்று அசைவு இருக்க வேண்டும். கைப்பிடியின் விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை. அதுவே இல்லாமல் விறைத்திருந்தால், கேபிள் எப்போதும் கதவைச் சற்றே இழுத்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு அடையாளம்: இஞ்சின் ஓடும்போது, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹாண்டில்பாரை இரு பக்கமும் திருப்பினால் சத்தம் ஏறி இறங்கும். அப்படி ஏறினால் கேபிள் தவறான வழியில் போகிறது, அல்லது எங்கோ சிக்கியிருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் இந்த உபத்திரவம் அதிகம்; கேபிளுக்குள் தண்ணீர் போய்த் துருப் பிடித்துவிடும். துருப் பிடித்த கேபிளுக்கு எண்ணெய் விட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். புதிது மாற்றிவிடுவதே உத்தமம்.

கேபிள் நிரபராதி என்று தெரிந்தால் அடுத்தது சோக். குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பக் கொஞ்சம் அதிகப்படி பெட்ரோல் வேண்டும். அதைக் கொடுப்பதுதான் சோக்கின் வேலை. பழைய வண்டிகளில் இடது கைப்பக்கம் ஒரு குட்டி நெம்பு இருக்கும். காலை அவசரத்தில் அதை இழுத்துக் கிளப்பிவிட்டு, மறுபடி உள்ளே தள்ள மறந்துவிடுகிறோம். சிரிக்காதீர்கள், பெட்ரோல் வாசனையும் கறுத்த புகையுமாக வந்து நின்ற என் தங்கையின் வண்டிக்கு இருந்த ஒரே வியாதி அதுதான். பிறகு வந்த வண்டிகளில் சோக் தானாகவே இயங்குகிறது. மின்சாரத்தால் சூடாகி, சில நிமிஷத்தில் தன் வழியைத் தானே மூடிக்கொள்ளும். ஆகவே, காலையில் முதல் இரண்டு மூன்று நிமிஷம் வண்டி உரக்க ஓடினால் பயப்பட வேண்டாம். பத்து நிமிஷம் ஓட்டின பிறகும் அலறினால்தான் விஷயம். அந்த ஆட்டோ சோக்குக்கு வருகிற வயர் கழன்றிருந்தாலோ, அதுவே கெட்டிருந்தாலோ மூடவே மூடாது. அதிகப் பெட்ரோல் போகிறபோது பிளக்கின் முனை கரிக்கட்டை மாதிரி கறுத்திருக்கும். லிட்டருக்கு ஓடுகிற தூரமும் குறையும். மாதக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இனி என் வண்டியின் கதைக்கு வருகிறேன். மேலே சொன்னது ஒன்றும் அதற்கு இல்லை. மாதம் ஒன்று கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசைத் திடப்படுத்திக்கொண்டு வண்டியைத் தள்ளியபடியே புறப்பட்டேன். அதற்கு முன் இரண்டு இடங்களில் காட்டியாகிவிட்டது. இரண்டு பேரும் திருப்புளியை எடுத்து ஸ்குரூவை இறக்கி, "சரியாயிடுச்சு மேடம்" என்று அனுப்பினவர்கள்தான். மூன்றாவதாகப் போனது, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் புங்கமரத்தடியில் கடை வைத்திருந்த ஒரு பெரியவரிடம். அவர் திருப்புளியைத் தொடவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "எப்ப கத்துது?" என்றார்.

"எப்பவும்தான், பெரியவரே."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. ஆறின வண்டியிலேயா, சூட்டுலேயா? முறுக்கிட்டு விட்டா உடனே எறங்குதா, தயங்கித் தயங்கி எறங்குதா?"

இந்தக் கேள்வியை என்னிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். காலையில் நன்றாகத்தான் ஓடும். ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் அலற ஆரம்பிக்கும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இஞ்சின் சட்டென்று அடங்காது. கோபித்துக்கொண்ட மனிதர் மாதிரி சற்று நேரம் பொருமிவிட்டுத்தான் இறங்கும். சொன்னேன்.

"ஏர் இழுக்குது" என்றார் பெரியவர். பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டுமாம். பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினால் வெளுக்கும். மறுபடி மாட்டி, இஞ்சினை ஓட விட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, கார்புரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே இருக்கிற குழாயின் மூட்டில் இரண்டு சொட்டு விட்டார். அந்த க்ஷணம் அலறல் 'கம்' என்று அமுங்கியது. தண்ணீர் உலர்ந்ததும் மறுபடி எழுந்தது. இன்னும் இரண்டு சொட்டு, மறுபடி அமுங்கியது. எனக்கு மந்திரம் பார்க்கிற மாதிரி இருந்தது. மந்திரம் ஒன்றுமில்லை: வெடிப்பைத் தண்ணீர் அடைத்த நேரத்தில் திருட்டுக் காற்று நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

கழற்றிப் பார்த்தால், அந்த மூட்டில் இருந்த ரப்பர் இஞ்சின் சூட்டிலேயே இருந்து இருந்து அப்பளம் மாதிரி விறைத்து, சுற்றிலும் நகக் கீறல் போல வெடித்திருந்தது. குளிர்ந்திருக்கும்போது வெடிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். சூடேறினால் வாய் திறக்கும். காலையில் சாதுவாக இருந்த வண்டி பள்ளிக்கூட வாசலில் பாய்ந்ததற்குக் காரணம் அதுதான். ரப்பரின் விலை, எங்கள் வீட்டில் அன்று வாங்கின காய்கறியின் விலையைவிடக் குறைவு. அந்த வெடித்த ரப்பரை ஒரு காகிதத்தில் மடித்து வாங்கி வந்து, இரவு சாப்பாட்டின்போது மேஜை மேல் வைத்தேன். விவரத்தையும் சொன்னேன். என் மாமியார் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டா?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தத் தண்ணீர்ப் பரீட்சையை நீங்கள் செய்ய வேண்டாம். பக்கத்தில் சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும், சேலைத் தலைப்பும் தொங்கும். சில கடைகளில் தண்ணீருக்குப் பதில் பெட்ரோலைத் தெளித்துப் பார்ப்பதும் உண்டு. அப்படிச் செய்ய ஆரம்பித்தால் குழந்தையை அழைத்துக்கொண்டு பத்தடி தள்ளி நில்லுங்கள்; அடுத்த தடவை வேறு கடைக்குப் போங்கள். சூடான இஞ்சினும் பெட்ரோலும் சேர்ந்தால் தீப்பிடிக்க வேறொன்றும் வேண்டாம்.

காற்று இழுப்பது இந்த ஒரு ரப்பரில்தான் என்றும் இல்லை. பல ஸ்கூட்டர்களில் அந்தக் குழாயிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் டியூப் கிளம்பிப் பெட்ரோல் வால்வுக்குப் போகிறது. அது முனையில் பிளந்தாலும் கழன்றாலும் இதே கூத்துத்தான். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது ரப்பர் விஷயத்தில் கூடுதலாகவே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2025-ல் நாடு முழுவதும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எதனால் கலப்பது என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். எதனாலுக்குள்ளேயே பிராணவாயு இருப்பதால், பழைய கார்புரேட்டர் வண்டிகளில் கலவை இன்னும் சற்று மெலிகிறது. சில பழைய வண்டிகளில் ரப்பர் சாமான்களை மாற்ற வேண்டி வரலாம் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. கலவை மெலிந்தால் இஞ்சின் உஷ்ணமும் ஏறும். ஸ்குரூவைத் திருகிச் சத்தத்தை மட்டும் அடக்கிவிட்டால் அந்த உஷ்ணம் உள்ளே இருந்து வேலை செய்துகொண்டே இருக்கும்.

ஸ்குரூவே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. அதற்கும் ஒரு வரலாறு இருக்கும். முதலில், வண்டி சிக்னலில் அணைந்து அணைந்து போயிருக்கும். காரணம் ஏர் பில்டரில் தூசி, அல்லது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகிற சின்னத் துவாரத்தில் அடைப்பு. அதைச் சுத்தம் செய்யாமல் ஒருவர் ஸ்குரூவை ஏற்றி வைப்பார். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் கார்புரேட்டரைக் கழற்றி அழகாகச் சுத்தம் செய்வார். ஸ்குரூவை இறக்க மறந்துவிடுவார். வண்டி அலறும். இரண்டு பேருமே நல்ல காரியம்தான் செய்திருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்! இன்னொன்று, ஸ்லோ ஸ்பீடு வைப்பது எப்போதும் இஞ்சின் நன்றாகச் சூடேறின பிறகுதான். காலையில் கடை திறந்ததும் ஆறின வண்டியில் வைத்தால், சூடேறினதும் வேகம் ஏறிவிடும். பத்து நிமிஷமாவது ஓட்டிக்கொண்டு போய்க் கொடுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கின பெட்ரோல் ஸ்கூட்டர் என்றால் உங்களுக்குக் கார்புரேட்டரே கிடையாது. சோக் நெம்பும் இல்லை. குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று கணக்குப் போட்டுப் பெட்ரோலை ஊசி மாதிரி பீய்ச்சுகிறது. ஸ்லோ ஸ்பீடையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. தெருக்கோடிக் கடையில் அதில் எதையும் திருகச் சொல்லாதீர்கள். முன்பக்க மீட்டரில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு, வண்டி ஓடும்போதும் எரிந்துகொண்டே இருக்கிறதா என்று பாருங்கள். எரிந்தால் கம்ப்யூட்டரே ஏதோ சொல்ல விரும்புகிறது. ஆனாலும் கைப்பிடி உறையும் கேபிளும் ரப்பர் மூட்டும் அதிலும் உண்டு. ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டுப் பார்க்கிற பரீட்சை அதற்கும் பொருந்தும்.

விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள், தண்ணீரில் சீறிக்கொண்டு போகிற வாட்டர் ஸ்கூட்டரைப் பார்த்திருப்பீர்கள். நம் ஸ்கூட்டருக்காவது ராட்டினக் கிளட்ச் ஒன்று நடுவில் இருக்கிறது, பிரேக் இருக்கிறது. அதில் இஞ்சினும் தண்ணீரைப் பீய்ச்சுகிற பம்பும் நேராகவே இணைந்திருக்கின்றன. இஞ்சின் ஓடுகிற வரை பம்பு தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு ஸ்லோ ஸ்பீடு ஏறினால், கரைக்கு வந்து நிற்க வேண்டிய வண்டி குளிக்கிறவர்கள் நடுவே தவழ்ந்துகொண்டே போகும். ஓட்டுகிறவரின் மணிக்கட்டிலோ சட்டையிலோ ஒரு சுருள் கயிறு கட்டிவிடுகிறார்களே, அது அழகுக்கு அல்ல. ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இஞ்சின் நின்றுவிடும். உங்கள் பிள்ளை அதில் ஏறினால், கயிறு கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை அசையுங்கள்.

சேலை கட்டினவர்களும் ஏறி உட்காரச் சௌகரியமாக, நடுவில் திறந்த இடம் விட்டு ஸ்கூட்டர் வந்தது 1946-ல், இத்தாலியில். அந்த வெஸ்பாவை வரைந்தவர் மோட்டார் சைக்கிளையே பிடிக்காத ஒரு விமான இஞ்சினீயர். அங்கே பாவாடை கட்டின பெண்கள் ஏற வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். சேலைக்கும் அது பொருந்திவிட்டது. ஆனால் அந்தத் திறந்த இடத்தில்தான் நாம் குழந்தையை நிற்க வைக்கிறோம். குழந்தையின் கை எட்டுகிற இடத்தில் ஆக்ஸிலேட்டர்! வண்டி சரியாக இருந்தாலும் சரி, இஞ்சின் ஓடும்போது குழந்தையை முன்னால் நிறுத்தி வைத்துவிட்டுப் பை எடுக்காதீர்கள். இதை நான் இரண்டு தையல் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன். சைடு ஸ்டாண்டில் இஞ்சினை ஓட விட்டுவிட்டு மாடிக்கு ஓடுவதும் அப்படித்தான்.

நடு ரோட்டில் வண்டி தானாக இழுக்க ஆரம்பித்தால் என்ன செய்வது என்றும் பலர் கேட்கக்கூடும். ஆக்ஸிலேட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். சாவியை 'ஆப்' வரைக்கும் மட்டும் திருப்புங்கள். அதற்கு மேல் அழுத்தித் திருப்பி ஹாண்டில்பாரைப் பூட்டிவிடக் கூடாது. புது வண்டிகள் பலவற்றில் வலது கைப்பக்கம் இஞ்சினை நிறுத்தச் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அது எங்கே என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். வண்டி நின்றதும் தள்ளிக்கொண்டு ஓரத்துக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் பரீட்சை பார்க்க டபுள் ஸ்டாண்டு போட்டு இஞ்சினைச் சூடேற்றினால், பின் சக்கரம் மெள்ளச் சுற்றுவதைப் பார்ப்பீர்கள். அது சகஜம். பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்று, விட்டதும் சோம்பலாகச் சுற்றினால் கவலை இல்லை. பிரேக்கை எதிர்த்துத் திமிறினால் அன்று வண்டியை எடுக்காதீர்கள். சக்கரத்தைக் கையால் நிறுத்திப் பார்க்கிற விஷப் பரீட்சை வேண்டவே வேண்டாம். துப்பட்டாவும் தலைப்பும் இடுப்பில் செருகியிருக்கட்டும். மூடின கார் ஷெட்டுக்குள்ளும் செய்ய வேண்டாம், புகை விஷம்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: மூன்றாம் நாளே அலறல் திரும்பியது என்கிறீர்கள். அது ஆறின வண்டியிலா, சூட்டிலா, முறுக்கி விட்டால் தயங்கி இறங்குகிறதா என்று இரண்டு நாள் கவனித்து ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டோடு மெக்கானிக்கிடம் போய், "ஸ்லோ ஸ்பீடைத் தொடாதீங்க, முதல்ல எங்கே ஏர் இழுக்குதுன்னு பாருங்க" என்று சொல்லுங்கள். சொல்கிறபோது குரலைத் தாழ்த்த வேண்டாம். மாற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்கி வாருங்கள்; வீட்டில் காட்ட உதவும். என்ன ஆயிற்று என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றுகிற மோட்டார் ஓடியும் தண்ணீர் வராமல் உறுமுகிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் அடுத்த வாரம்.